கண் போன பட்டாளத்துக்காரர் முதலில் எங்கே போவது: ஜி.எச்.சா, மதுரையா, மெடிக்கல் போர்டா?

பெரியப்பாவுக்கு டீ கொடுத்தால் டம்ளரை அவருடைய வலது கைப் பக்கம்தான் வைக்க வேண்டும். இடது பக்கம் வைத்தால் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது, பேப்பரை மடிக்கும்போது முழங்கை பட்டுக் கொட்டிவிடும். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் அந்த இடது கண்ணின் நிலைமையை ஒழுங்காகக் காகிதத்தில் கொண்டுவர எங்களுக்கு மூன்று வருடம் ஆனது, அதில் பாதி, எங்கே முதலில் போவது என்று தெரியாமல் வீணாய்ப் போன காலம். நம் ராமநாதபுரம் ஜில்லாவில் கடற்கரை ஊர்களிலும் சரி, கமுதி முதுகுளத்தூர் பக்கமும் சரி, பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத ஊர் குறைவு. அவர்களில் கண்ணில் கோளாறோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படிப்பார்கள் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வழி மூன்று. பட்டாளத்துக்காரர்களின் தாள்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டு நேரே ராணுவ மருத்துவமனையின் மெடிக்கல் போர்டுக்கு, அதாவது டாக்டர்கள் குழுவிடம், போகலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கலாம். இல்லையென்றால் மதுரைக்குப் போய் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மூன்று இடத்திலும் கண்ணைத்தான் பார்க்கிறார்கள், சார்ட்டைத்தான் படிக்கச் சொல்கிறார்கள், அதனால் ஒரு இடத்துச் சான்று இன்னொரு இடத்தில் செல்லும் என்று நாங்களும் நினைத்துவிட்டோம். அப்படி இல்லை. கண்ணுக்குள் என்ன கெட்டிருக்கிறது என்பதை மதுரை டாக்டர் சொல்வார். இரண்டு கண்ணையும் சேர்த்து எத்தனை சதவீதம் பார்வை போயிருக்கிறது என்பதை ஜி.எச். சொல்லும். மெடிக்கல் போர்டு மட்டும்தான் அந்தச் சதவீதத்தோடு, இது பட்டாள வேலையால் வந்ததா, அல்லது வேலையால் முற்றியதா என்பதையும் எழுதும். பென்ஷன் தொங்கிக்கொண்டிருப்பது அந்தக் கடைசி வரியில்.

பெரியப்பா 1986-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 2003-ல் நாயக் பதவியில் ரிட்டயர் ஆகி வந்தவர். நடுவில் பனிமலை உயரத்தில் ஒரு போஸ்டிங். ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது கண்ணுக்கு முன்னால் புகை மூட்டம் போல இருந்ததாம். விழித்திரையில் ரத்தக்குழாய் அடைப்பு. அந்த உயரத்தில் சிவப்பணுக்கள் கூடி ரத்தம் கெட்டிப்படும், குளிரில் தண்ணீர் குடிப்பதும் குறையும், அதனால் இப்படி வருவதுண்டு என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் செய்ததுதான் இன்றுவரை எங்களைத் துரத்துகிறது: கண் சரியாகத் தெரியவில்லை என்பதை மறைத்தார். பட்டாளத்தில் உடம்பை ஷேப் (SHAPE) என்ற ஐந்து இங்கிலீஷ் எழுத்தில் தரம் பிரிப்பார்கள், அதில் கடைசி எழுத்து ஈ கண்ணுக்கு. அது இறங்கினால் லோ கேட்டகரி, பிரமோஷன் நிற்கும், கூட இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆகவே முன்னால் நிற்பவர் சார்ட் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார். இந்த ஊரில் நான் பேசிப் பார்த்த பழைய ஆட்களில் இதைச் செய்யாதவர் குறைவு. ரிட்டயர் ஆகும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு இடது கண்ணுக்கு 15-லிருந்து 19 சதவீதம் என்று போட்டு, பக்கத்திலேயே என்.ஏ.என்.ஏ. என்றும் எழுதிவிட்டது. பட்டாள வேலையால் வரவும் இல்லை, முற்றவும் இல்லை என்று அர்த்தம். ஊனப் பென்ஷனுக்குக் குறைந்தது 20 சதவீதம் வேண்டும், அதோடு வேலைக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை என்று காகிதம் சொன்னது. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள், அவர் அந்தக் கடிதத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நாங்கள் முதலில் போனது ஜி.எச்.சுக்கு. பக்கத்தில் இருக்கிறது, 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியாகத் திறந்த பிறகு கண் பிரிவிலும் ஆள் இருக்கிறார்கள், செலவும் இல்லை. யு.டி.ஐ.டி. தளத்தில் பதிந்து, குறித்த நாளில் போய், சான்று கையில் வந்தது: 30 சதவீதம், வெள்ளை அட்டை. ஒரு கண் கிட்டத்தட்ட முழுதாய்ப் போனவருக்கு வெறும் 30-ஆ என்று எங்களுக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அந்த டாக்டர் போட்டது சரியான கணக்கு. மத்திய அரசு அறிவித்த அட்டவணை, கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கும். நல்ல கண்ணில் 6/18 வரை (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) தெரிந்தால், மற்ற கண் 3/60-க்குக் கீழே போனாலும், வெளிச்சமே தெரியாவிட்டாலும், 30-தான். மாற்றுத்திறனாளிக்கான பெரும்பாலான சலுகைகள் 40-ல் தொடங்குகின்றன, அங்கிருந்து 80-க்குக் கீழ்வரை மஞ்சள் அட்டை, 80-லிருந்து நீல அட்டை. ஆக ஒற்றைக் கண் போனவருக்கு இந்த வழியில் பெரிதாக எதுவும் கிடைக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் அந்தச் சான்றை நகலெடுத்து, இதோ 30 சதவீதம், 20-க்கு மேல் இருக்கிறது, பென்ஷன் கொடுங்கள் என்று மனு எழுதி அனுப்பினோம். நாலு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. சிவில் மருத்துவமனையின் சதவீதத்தை வைத்து ஊனப் பென்ஷன் முடிவாகாது, போர்டு போட வேண்டும் என்று ஒரு வரி. அது நியாயமான பதில்தான். அதை முதல் நாளே வாயால் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லாமல் போனதுதான் எங்களுக்கு வருத்தம்.

இரண்டு கண்ணும் பாதிக்கப்பட்டவருக்கு இந்தக் கணக்கு மாறும். தொண்டிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு முன்னாள் சுபேதார் இருக்கிறார். கண் நீர் அழுத்த நோய், இரண்டு கண்ணிலும். சார்ட்டில் 6/9 வரி வரை தடங்கலில்லாமல் படிப்பார், பார்க்கிறவர்களுக்கு அவர் நடிக்கிறார் என்றே தோன்றும். ஆனால் வாசற்படியில் இடறுவார், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் மேல் மோதுவார். இந்த நோய் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும், நடுப் பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். சார்ட் மட்டும் பார்த்தால் அவருக்கு பூஜ்யம் சதவீதம். அதே மனிதரின் பார்வைப் புலம் இரண்டு கண்ணிலும் 20 டிகிரிக்குள் சுருங்கிவிட்டது என்று ஃபீல்டு டெஸ்ட் காட்டினால், அதே அட்டவணையில் 70 சதவீத வரிசைக்குப் போகிறார். ஃபீல்டு டெஸ்ட் எடுக்காமல் எந்தப் போர்டு முன்னாலும் போய் நிற்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இவரைப் பார்த்த பிறகுதான். இவரைப் போன்றவருக்கு ஜி.எச். சான்று மிகவும் பயன்படும், பென்ஷன் கேஸ் எந்தப் பக்கம் போனாலும் மஞ்சள் அட்டையும் அதன் சலுகைகளும் அவருக்குத் தனியாக வந்து சேரும். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் என்றால் மாற்றுத்திறனாளி என்பதற்காக 75,000 ரூபாய் கழிவும் உண்டு.

மதுரைக்கு மூன்றாவதாகத்தான் போனோம். முதலில் போயிருக்க வேண்டிய இடம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், விடிகாலை பஸ் ஏறினால் ஓ.பி. தொடங்கும் நேரத்துக்குப் போய்விடலாம். அங்கே கண் மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் அரவிந்த் ஞாபகம் வரும். 1976-ல் 11 படுக்கையோடு அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களே ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து, மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போய் 1948-ல் வெளியே வந்தவர்தான். உடம்பு கெட்டுப் பட்டாளத்தை விட்டு வருவது என்ன என்று தெரிந்த ஒருவர் கட்டிய இடம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருப்பவர்கள் முதலில் அதன் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தெந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று அன்றைய தேதிக்குக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரெஃபரல் சிகிச்சைக்காகத் தருவது, ஆனால் அதில் வரும் ரிப்போர்ட் உங்களுடையது.

மதுரையின் பலம் நேரமும் கருவியும். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், கண் அழுத்தம் பார்த்தார்கள், பிறகு ஃபீல்டு டெஸ்ட். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். பெரியப்பா வலது கண்ணுக்கு டக் டக்கென்று அமுக்கினார். இடது கண் வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. கருவிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் பட்டன் மேலேயே நின்றது, ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை அமுக்கினார். அச்சிட்டு வந்த தாளில் இடது வட்டம் முழுக்கக் கறுப்பு, வெளி ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி கொஞ்சம் சாம்பல். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பெரியம்மா, இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா என் கூட ஸ்கூட்டரில் வந்தீங்க என்று கேட்டார்.

இந்த டெஸ்ட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். ராத்திரி தூங்காமல் பஸ்ஸில் வந்து, வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் கண் அலையும், கவனம் சிதறும். தாளிலேயே நடுப்புள்ளியை எத்தனை தடவை விட்டார் என்று ஒரு எண் வரும், அது 20 சதவீதத்தைத் தாண்டினால் டெஸ்ட் நம்பத்தக்கதில்லை என்று குறி விழும். அப்படி விழுந்த தாளைப் போர்டில் காட்டிப் பயனில்லை. முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள், முதல் தடவை சரியாக வராவிட்டால் இன்னொரு நாள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டாம் தடவை பழகிவிடும். சர்க்கரை இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு போங்கள், சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடிப் பவரே மாறும். புரை இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், சரிசெய்யக் கூடிய கோளாறுக்கு யாரும் நிரந்தரம் என்று எழுத மாட்டார்கள். கடலிலும் உப்பளத்திலும் வெயிலில் நின்று கண்ணில் சதை வளர்ந்திருந்தால் அதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் பார்வை போனதே அதனால்தான் என்று ஒருவர் முடிவு கட்டிவிடக்கூடும். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

மதுரை ரிப்போர்ட்டின் குறை என்ன என்றால், அது நேரடியாகப் பென்ஷன் வாங்கித் தராது. போர்டு தன் கையால் பார்த்ததைத்தான் எழுதும். ஆனால் உங்கள் கையில் விழித்திரைப் படமும் ஃபீல்டு தாளும் இருந்தால், பத்து நிமிடத்தில் சார்ட் மட்டும் பார்த்து முடிப்பது அவர்களுக்கும் கடினம். ரிப்போர்ட்டில் பழைய ரத்தக்குழாய் அடைப்பால் ஏற்பட்ட தழும்பு என்று ஒரு வரி இருந்தால், அது பனிமலை போஸ்டிங் வரை பின்னோக்கிப் போகும் நூல். அந்த வரியை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள், இருப்பதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இனி மெடிக்கல் போர்டு. இது கடினமான வழி, தூரமான வழி, பணம் வருவதும் இந்த வழியில்தான். ரெக்கார்டு ஆபீசுக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன்) ரீ-அசெஸ்மென்ட், அதாவது மறு மதிப்பீடு, கேட்டு எழுத வேண்டும், அவர்கள் எந்த ராணுவ மருத்துவமனை என்று சொல்வார்கள், நம் கடற்கரையிலிருந்து எதுவும் பக்கம் இல்லை, சென்னை என்றால் ஒரு ராத்திரி முழுக்க ரயில். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். நிரந்தரம் என்று போர்டு ஒருமுறை எழுதினால் அது ஆயுளுக்கும் நிற்கும், நீங்களாகக் கேட்டால்தான் மறுபடி பார்ப்பார்கள், 2001 பிப்ரவரி உத்தரவு அப்படி. அதனால்தான் தயாராகாமல் போகாதீர்கள் என்கிறேன். அரைகுறையாகப் போய் 15 சதவீதம் வாங்கி வந்தால் அதை மாற்ற இன்னும் சில வருடம் போகும்.

சதவீதத்தின் மதிப்பும் இங்கே வேறு. ஜி.எச்.சில் 30 என்றால் வெள்ளை அட்டை, அவ்வளவுதான். இங்கே போர்டு 30 என்று எழுதி, வேலையால் வந்தது என்றும் ஒத்துக்கொண்டால், பென்ஷன் கணக்கில் அது 50 ஆகும். 50-க்குக் குறைந்ததை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் ஏற்றிக் கொடுக்கிறார்கள். வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் சொல்லிவிட்டது. 100-க்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால், 50-க்கு 15 சதவீதம், மாதா மாதம், சாகும் வரை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் புதிது, அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையால் வந்ததா என்ற கேள்விக்கு நம் கையில் இருக்கும் பெரிய ஆதாரம், சேரும்போது எடுத்த மெடிக்கல். 1986-ல் இரண்டு கண்ணும் 6/6 என்று எழுதித்தான் அவரை எடுத்தார்கள். சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் அரசுதான் காரணம் காட்ட வேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்தப் பழைய தாள்களும், ரிலீஸ் போர்டின் நடவடிக்கைத் தாளும் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று கேளுங்கள்) ரெக்கார்டு ஆபீசில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டால் கிடைக்கும், எங்களுக்குக் கிடைத்தது. அதில்தான் பனிமலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியே இருந்தது, அவருக்கே மறந்துபோன தேதி.

காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பென்ஷன் மாதா மாதம் வர வேண்டியது என்பதால் உரிமை சாகாது, ஆனால் நீதிமன்றம் போனால் நிலுவை, வழக்குப் போட்டதற்கு முந்தின மூன்று வருடத்துக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும், 2008 தர்சேம் சிங் தீர்ப்பு அது. பெரியப்பா பெட்டியில் பூட்டி வைத்த ஒவ்வொரு வருடமும் அப்படியே போன பணம். போர்டும் மறுத்து, மேல்முறையீடும் மறுத்தால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

ஊரில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் முகாமையும் சிலர் கேட்கிறார்கள். புரை பார்க்க நல்லது, இதற்கு உதவாது.

ஆக என் கருத்து இது. ஒரு கண் மட்டும் போனவர் என்றால் ஆர்.டி.ஐ. முதல், மதுரை இரண்டாவது, போர்டு மூன்றாவது, ஜி.எச். பக்கம் அவசரமே இல்லை. இரண்டு கண்ணிலும் குறை என்றால் மதுரை ரிப்போர்ட் கைக்கு வந்த உடனே ஜி.எச்.சிலும் பதிந்துவிடுங்கள், போர்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேலையில் இருந்தபோது கண்ணைப் பற்றி ஒரு தாளும் இல்லாதவர், சேர்ந்தபோது 6/6 என்பதையும் கூட இருந்த ஒருவரின் வாக்குமூலத்தையும் வைத்துத்தான் போக வேண்டும், அவர்கள் போர்டுக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது. கூட்டியும் சொல்ல வேண்டாம், தெரிகிற கண்ணைத் தெரியவில்லை என்றால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், ஒருமுறை சந்தேகம் விழுந்தால் உண்மையான குறையும் அதில் மூழ்கிவிடும். ஆனால் நம் பழைய ஆட்களிடம் எனக்கு இருக்கும் பயம் அதற்கு நேர் எதிர். டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டால், நல்லா இருக்கேன் சார் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

பெரியப்பாவுக்குப் போர்டு கடிதம் போன வாரம் வந்துவிட்டது, அடுத்த மாதம் 2-ஆம் வாரம். பை தயாராக இருக்கிறது: டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு, ஆர்.டி.ஐ.யில் வந்த தாள்கள், மதுரை ரிப்போர்ட் இரண்டு நகல், பழைய கண்ணாடி. நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம், சார்ட் முன்னால் நிறுத்தினால் என்ன செய்வீங்க என்று கேட்டேன். இடது கண்ணைத் திறந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே இருந்த பனைமரத்தைப் பார்த்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், அவ்வளவுதானே தம்பி?"

"அவ்வளவுதான் பெரியப்பா."

கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.